‘செல்லைக் காக்கும்’ கவுனி அரிசி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ கல்லுக்கட்டிப் பக்கமோ ஒரு மளிகைக் கடையில் நின்று கவுனி என்கிற கருப்பு அரிசி கேட்டால், இப்போதெல்லாம் ஒரு பொருள் வருவதில்லை, நாலு வருகிறது. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் முழு அரிசி, பாக்கெட்டில் அடைத்த முழு அரிசி, கஞ்சிக்கென்று அரைத்த மாவு, சர்க்கரையும் ஏலக்காயும் கலந்த ரெடி மிக்ஸ். கருப்பு அரிசிச் சாறு என்று காப்ஸ்யூலும் ஆன்லைனில் கிடைக்கிறது. விலை ஏற ஏற அட்டையில் உள்ள வாசகமும் பெரிதாகிறது. மூட்டை அரிசியில் ஒன்றும் எழுதியிருக்காது. பாக்கெட்டில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று இருக்கும். மாவிலும் மிக்ஸிலும் ‘செல்களைக் காக்கும்’, ‘மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலு’ என்கிற அளவுக்குப் போய்விடுகிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழு அரிசியை வாங்குங்கள், கொடுக்கும் காசுக்குத் தகும். மாவை, அரைத்த தேதி தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். சர்க்கரை கலந்த மிக்ஸை விட்டுவிடுங்கள், அது தன் அட்டையில் உள்ள வாசகத்துக்கே எதிராக வேலை செய்கிறது. காப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். இதற்கெல்லாம் காரணம் செல்லுக்குள் நடப்பதில் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

சாப்பிட்ட சோறும் எண்ணெயும் செரித்து, கடைசியில் எலக்ட்ரான்களாக, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே நான்கு புரதக் கூட்டுகள் இருக்கின்றன. முதலாவதும் இரண்டாவதும் எலக்ட்ரானை வாங்கி உள்ளே விடும், மூன்றாவது கைமாற்றும், நான்காவது ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரானையும் முழுதாக வாங்கிக்கொண்டால் தண்ணீராகிவிடும், வம்பில்லை. இந்தக் கைமாற்றத்தின்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுவதால் இரு பக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் செல் சக்தியாகச் செலவழிக்கும் ஏடிபி என்ற பொருள் தயாராகிறது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். பேட்டரியும் துருவும் ஒரே வேதியியலின் இரண்டு முகங்கள் என்பதை அந்த வளாகத்தில் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த இரண்டும் ஒரே சவ்வில் நடக்கின்றன.

துருவின் பக்கம் இப்படி வருகிறது. முதலாவது, மூன்றாவது கூட்டுகளில் சில சமயம் ஓர் எலக்ட்ரான் வரிசையை விட்டு விலகி நேரே ஆக்சிஜனிடம் தாவிவிடும். நாலு வாங்க வேண்டிய ஆக்சிஜன் ஒன்றை மட்டும் வாங்கினால் சூப்பர் ஆக்சைடு ஆகிறது. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் 1 முதல் 2 சதவீதம் இப்படிக் கசிகிறது என்று பழைய பாடநூல்கள் எழுதின. உயிருள்ள உடலில் அளவு அதைவிடக் குறைவு என்பதே இன்றைய கணிப்பு. கசிந்ததைப் பிடிக்க உள்ளேயே காவல் இருக்கிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டு சொன்னார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் வகைக்கு மாங்கனீசு வேண்டும். அது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைக் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் பெராக்ஸிரெடாக்சினும் தண்ணீராக்கும். இவற்றில் முதலாவதற்குச் செலினியம் வேண்டும். இந்த வேகத்துக்கு உணவில் உள்ள எந்த நிறப்பொருளும் ஈடு கிடையாது. ஒரு நொதி மூலக்கூறு தான் தேயாமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும். நிறப்பொருளின் ஒரு மூலக்கூறு ஒன்றிரண்டைப் பிடித்ததும் தீர்ந்துபோகும்.

காவல் முந்தாமல் பெராக்சைடு தங்கிவிட்டால், அவிழ்ந்து கிடக்கும் இரும்பு அயனி அதைத் தொட்டு ஹைட்ராக்சில் ராடிக்கல் ஆக்கிவிடும். அதற்கென்று காவல் நொதியே கிடையாது, பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதை அடிக்கும். உள்சவ்வில் பக்கத்தில் இருப்பது கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு. மனித இதயத்தில் அதன் நான்கு வால்களும் பெரும்பாலும் லினோலெயிக் அமிலம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கவுனி மாவைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும். கார்டியோலிப்பின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அதில் ஒட்டியிருக்கும் சைட்டோகுரோம் சி கழன்றுகொள்கிறது. அது வெளியே போனால் செல்லுக்குச் சாகச் சொல்லி ஆணை போனமாதிரி. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவும் அதே சவ்வை ஒட்டித்தான் கிடக்கிறது. செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ போல ஹிஸ்டோன் புரதம் சுற்றிய போர்வை இதற்கு இல்லை. மோசமாகப் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே அடையாளம் வைத்து அரைத்துத் தள்ளிவிடும். அந்த ஒழுங்கும் கெட்டால்தான் பழுது சேர்ந்துகொண்டே போகிறது. கசிவுக்கும் காவலுக்கும் உள்ள இந்தச் சமநிலை கசிவின் பக்கம் சாய்வதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். 1985-இல் ஹெல்முட் சீஸ் கொடுத்த விளக்கம் அது.

இங்கே ஒரு விஷயத்தை அட்டைகள் சொல்வதே இல்லை. கொஞ்சம் கசிவு உடம்புக்கு வேண்டியது. நடந்தாலோ ஓடினாலோ தசையில் பெராக்சைடு சற்று ஏறும், அதையே சைகையாக எடுத்துக்கொண்டு செல் தன் காவல் நொதிகளைக் கூட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் வேலை செய்வது மேம்பட வேண்டும். மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சைகையை மாத்திரை அணைத்துவிட்டது.

சரி, கவுனியின் கருப்பு எங்கே வேலை செய்கிறது? அந்த நிறம் தவிட்டில் மட்டும் இருக்கிறது. ஆந்தோசயனின் குடும்பம், முக்கியமாக சயனிடின் குளூக்கோசைடு. சோதனைக் குழாயில் வைத்து அளந்தால் சூப்பர் ஆக்சைடு போன்ற ஃப்ரீ ராடிக்கலை அபாரமாகப் பிடிக்கும். பாக்கெட்டில் போடும் ஓராக் எண் அப்படி அளந்ததுதான். ஆனால் அந்த எண்ணுக்கும் மனித உடலில் கிடைக்கும் பலனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி அமெரிக்க வேளாண் துறை 2012-இலேயே தன் ஓராக் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்னமும் அந்த எண்ணை அச்சிடும் பாக்கெட்டை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம்.

சாப்பிட்ட ஆந்தோசயனினில் முழு உருவில் ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். பெரும்பகுதி குடலில் உடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்கள் கைபட்டு, புரோட்டோகேட்டிக்யூயிக் அமிலம் போன்ற சின்னச் சின்னப் பொருளாக மாறித்தான் உள்ளே போகும். அவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து துடைப்பம் போடுவதில்லை. செல்லில் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை லேசாகத் தட்டிவிட்டு, குளூட்டாதயோன் போன்ற சொந்தக் காவலைக் கூட்டச் செய்யலாம் என்பதுதான் ஆய்வகச் சான்றுகள் காட்டும் வழி. ஆகவே ‘மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலு’ என்ற வாசகம் மிகை. தவிடு போகாத அரிசி, நார்ச்சத்து, மாங்கனீசு, வைட்டமின் ஈ, குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனி என்று எழுதினால் உண்மை. விற்பதற்கு அதுவே போதும்.

காப்ஸ்யூலை ஒரேயடியாக ஒதுக்குவதற்கும் காரணம் இருக்கிறது. உணவில் நல்லது என்பதைப் பிரித்தெடுத்து அதிக அளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சோதனைகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கருப்பு அரிசிச் சாறுக்கு இப்படி ஒரு நீண்ட சோதனையே கிடையாது.

இப்போது மிக்ஸ். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சர்க்கரை முதலிடத்தில் இருந்தால் நீங்கள் வாங்குவது கவுனி வாசம் போட்ட சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு என்று பெயர் மாறினாலும் கணக்கு மாறாது. ஊட்டச்சத்து அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனி வரி இருக்கும். அங்கே 100 கிராமுக்கு 40 என்று போட்டிருந்தால், 50 கிராம் மிக்ஸில் கரைக்கும் ஒரு டம்ளரில் 20 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை டம்ளரிலேயே பெரும்பங்கு முடிந்துவிட்டது.

இதை மைட்டோகாண்ட்ரியாவோடு சேர்த்துப் பாருங்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் மிஞ்சும்போது, உள்ளே வரும் குளுக்கோஸைத் தடுக்க முடியாத செல்கள் உண்டு. ரத்தக் குழாயின் உட்சுவர், விழித்திரை, சிறுநீரகத்தின் சில செல்கள். அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் வரத்து அதிகமாகி, வாங்க ஆளில்லாமல் சங்கிலியில் தேங்கும். தேங்கினால் கசிவு கூடும். சர்க்கரை நோயில் கண்ணும் சிறுநீரகமும் கெடுவதற்கு இந்தக் கசிவு ஒரு பொது மூலம் என்று 2001-இல் முன்வைத்த கருத்து இன்றும் பேசப்படுகிறது. செல்லைக் காக்கும் என்று எழுதிய டப்பாவில் சர்க்கரை முதலிடத்தில் இருப்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதை வாங்குகிறவர்களில் பலர் சர்க்கரை நோய்க்காரர்கள். இன்னொன்று, கவுனி ஒட்டும் அரிசி. ஒட்டுவது அமைலோபெக்டின் மிகுதியால். அந்த மாவுச்சத்து வேகமாகச் செரிக்கும். முழு அரிசியில் தவிடு அந்த வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். நைசாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சிவிட்டால் அந்தத் தடையும் போயிற்று. சர்க்கரை நோயாளிகள் கவுனியை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வெந்த சாதமாகச் சின்னக் கிண்ணம் ஒன்று, கூடவே பருப்போ முட்டையோ. இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மாவின் பிரச்சினை வேறு. தவிட்டில் எண்ணெய் உண்டு, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லினோலெயிக் அமிலம். கார்டியோலிப்பினில் பார்த்த அதே அமிலம். அரிசி முழுதாக இருக்கும்வரை எண்ணெயும் அதை உடைக்கும் லைப்பேஸ் நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. அரைத்த நிமிடத்தில் இரண்டும் கலந்துவிடும். எண்ணெய் உடையும், ஆக்சிஜன் தொடும், பெராக்சைடு உண்டாகும், ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைத் தொற்றவைத்துக்கொண்டு சங்கிலியாகப் போகும். தவிட்டில் உள்ள வைட்டமின் ஈ அந்தச் சங்கிலியை நிறுத்தப் பார்த்துத் தானே செலவாகிப் போகும். பாக்கெட்டுக்குள் நடப்பது, நாம் செல்லுக்குள் நடக்கக் கூடாது என்று விரும்பும் அதே வினைதான். மாவு நைசாக இருந்தால் காற்றுப் படும் பரப்பு அதிகம், வேகமும் அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் கடை அலமாரியில் இருக்கும் பாக்கெட்டைச் சொல்லவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தேக்கரண்டி மாவைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் நீரைக் கால் டம்ளர் ஊற்றி உடனே மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். நல்ல மாவில் வெந்த அரிசி வாசம், கொஞ்சம் கடலை வாசம் வரும். கெட்டதில் பழைய எண்ணெய்ச் சட்டி, பெயின்ட் டப்பா மாதிரி ஒரு நெடி. நாக்கில் வைத்தால் பின்னால் சோப்புக் கசப்பு. வறுத்து அரைத்தது என்றால் லைப்பேஸ் செத்திருக்கும், ஆனால் நிறமும் கொஞ்சம் போயிருக்கும், வறுத்த மணம் லேசான நெடியை மறைத்தும் விடும். கஞ்சி மாவு வேண்டுமென்றால் முழு அரிசியை வாங்கி, மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பங்கு ரவைக்கு எட்டுப் பங்கு தண்ணீர், சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம்.

முழு அரிசியை வாங்கும்போது பார்க்க வேண்டியவை. எல்லா மணியும் ஒரே கருப்பாக, எண்ணெய் தடவினதுபோல் மினுங்கினால் யோசியுங்கள். நல்ல கவுனி ஒரு சீராக இருக்காது. கருப்பு, கருஞ்சிவப்பு, இடையில் ஒன்றிரண்டு பழுப்பு நுனி. ஒரு மணியைப் பாதியாக உடைத்தால் உள்ளே வெள்ளை, விளிம்பில் மட்டும் கருப்பு வளையம். உள்ளே வரைக்கும் நிறம் ஊறியிருந்தால் சாயத்தில் நனைத்திருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீரில் நிறம் இறங்கினால் போலி என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, அது தவறு. ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும், நல்ல கவுனி கட்டாயம் நிறம் விடும். சரியான சோதனை இது: இரண்டு தேக்கரண்டி அரிசியை அரை டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளரில் பிரியுங்கள். ஒன்றில் ஐந்தாறு சொட்டு எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, மூன்றாவது ஒப்பிட. எலுமிச்சை விழுந்த இடத்திலிருந்து செம்பருத்திச் சிவப்பு பரவும். சோடா டம்ளர் நீலமாகி, கொஞ்சம் நின்றால் பச்சை தட்டும். நிறம் அசையவே இல்லையென்றால் அது ஆந்தோசயனின் இல்லை.

இந்தச் சோதனையே சமையலுக்கும் பாடம். அரிசி சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்ப சோடா போடுகிறவர்கள் உண்டு. சோடாவின் காரத்தன்மையில் ஆந்தோசயனின் உடைந்துபோகும், தயமினும் போகும், சாதம் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் நிறம் மங்கி நீலம் பாயும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் மாதிரி நல்ல தண்ணீரில் சிவப்பு மின்னும் கருநீலமாக வரும். இரும்புச் சட்டி வேண்டாம், வெள்ளீயம் பூசாத பித்தளையும் வேண்டாம். அந்த உலோகங்கள் நிறத்தைப் பிடித்துக்கொள்வதோடு ஆக்சிஜனேற்றத்தையும் முடுக்கிவிடும். வெள்ளீயம் பூசியது அல்லது எவர்சில்வர்.

கல்யாண வீட்டுப் பலகாரப் பந்தியில் வைக்கும் இனிப்புக் கவுனிக்கு எட்டுப் பேர் கணக்கு: அரிசி 200 கிராம், தண்ணீர் 600 மில்லி, சர்க்கரை 100 கிராம், துருவிய தேங்காய் 50 கிராம், நெய் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு. அரிசியை இரண்டு முறை வேகமாக அலசி, அளந்த தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். கோடையில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது, நிறமே அதில்தான் இருக்கிறது, அதிலேயே வேகவையுங்கள். குக்கரில் ஏழெட்டு விசில். மூடிய பாத்திரத்தில் என்றால் முக்கால் மணி நேரம், தேவைப்பட்டால் வெந்நீர் தெளித்து. விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாத பதம் வந்த பிறகே சர்க்கரை. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி விறைத்து நின்றுவிடும், அதற்குப் பிறகு எத்தனை விசில் விட்டாலும் குழையாது. தேங்காயும் நெய்யும் இறக்கிய பிறகு. இப்படிச் செய்தால் ஆளுக்குச் சர்க்கரை 12.5 கிராம். அது விசேஷ நாளுக்கு உள்ள அளவு, தினக் கஞ்சிக்கு உப்பும் மோரும் போதும்.

குக்கரா பாத்திரமா என்று கேட்பவர்களுக்கு: 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் கருப்பு அரிசியை மூன்று வழியில் வேகவைத்து அளந்தார்கள். சயனிடின் குளூக்கோசைடு பிரஷர் குக்கரில் சுமார் 80 சதவீதமும் சாதாரணப் பாத்திரத்தில் சுமார் 65 சதவீதமும் போயிற்று. ஆனால் அது உடைந்து உண்டாகும் புரோட்டோகேட்டிக்யூயிக் அமிலம் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடியது. குடல் செய்யப்போகும் வேலையில் ஒரு பகுதியை அடுப்பே செய்துவிடுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேஸ் செலவைப் பார்த்துக் குக்கரிலேயே வையுங்கள்.

ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கவுனியோடு சேர்த்து விழுங்க வேண்டாம். தவிட்டில் உள்ள பைட்டேட்டும் இந்த நிறப்பொருளும் இரும்பைக் கட்டிப்போடும். மாத்திரைக்கும் கவுனிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ‘ரத்தம் ஊறும்’ என்று பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குத் தினமும் கவுனிக் கஞ்சியும் கையோடு மாத்திரையும் கொடுக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வாங்கும் அளவு: நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ. அதற்கு மேல் வாங்கினால் வண்டு விழும், தவிட்டு எண்ணெயும் மெல்லக் கெடும். எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, நிழலில் வையுங்கள். வண்டுக்குப் பயந்து முற்றத்து வெயிலில் நாள் முழுக்கப் பரப்பினால் வண்டு போகும், கூடவே நிறமும் வெளுக்கும். நிழலில் காற்றாட அரை நாள் உலர்த்தி, இரண்டு காய்ந்த மிளகாயும் ஒரு கொத்து வேப்பிலையும் போட்டு மூடினால் போதும். மூட்டையிலிருந்து வாங்குவதாக இருந்தால் மேலாக அள்ளித் தராமல் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் போடச் சொல்லுங்கள். முகர்ந்து பார்த்து, ஒரு மணியைக் கடித்து உடைத்துப் பார்த்து, பிறகு எடை போடச் சொல்லலாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடைக்காரர் குறைவு.